கலாத்தா பாலத்துத் தூண்டில்காரர்கள்

இஸ்தான்புல் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஹாகியா சோஃபியா, நீல மசூதி, தோப்காபி அரண்மனை என்று மூன்று பெயர் சொல்வார்கள். நாங்களும் அவற்றையெல்லாம் பார்த்தோம். ஆனால் ஊர் திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் அதிகம் பேசப்படுவது ஒரு பாலத்தைப் பற்றித்தான். கலாத்தா பாலம். நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன் பாலத்தைப் பற்றிப் பேசாமல் வேறெதைப் பேசுவான் என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அது ஒரு காரணம்தான். இன்னொரு காரணமும் உண்டு.

முதலில் பாலம். இஸ்தான்புல் நகருக்குள் கடல் ஒரு கை நீட்டியது போல நுழைந்திருக்கிறது. அதற்குப் பொற்கொம்பு என்று பெயர். துருக்கியர்கள் ஹாலிச் என்கிறார்கள். அதன் தென்கரையில் எமினோனு, வடகரையில் கராக்கோய். தென்கரையில் பழைய நகரமும் மசூதிகளும் மசாலாக் கடைத்தெருவும். வடகரையில் ஜெனோவா நாட்டு வணிகர்கள் 1348-ல் கட்டிய கலாத்தா கோபுரம். இரண்டையும் இணைப்பது இந்தப் பாலம்.

இந்த இடத்தில் பாலம் கட்ட ஆசைப்பட்டவர்களில் லியனார்டோ டா வின்சியும் ஒருவர். 1502-ல் சுல்தான் இரண்டாம் பயேசித்துக்காக, நடுவில் தூணே இல்லாமல் ஏறக்குறைய 240 மீட்டர் தாண்டும் ஒற்றை வளைவுப் பாலம் ஒன்றை வரைந்து கொடுத்தார். அது கட்டப்படவில்லை. 2019-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் அந்த வரைபடத்தின்படி சிறிய மாதிரி ஒன்று செய்து சோதித்தார்கள். சாந்து, ஆணி எதுவும் இல்லாமல் துண்டுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே அது நின்றது. ஐந்நூறு வருஷம் கழித்து வந்த ஒப்புதல்!

உண்மையில் கட்டப்பட்ட முதல் பாலம் 1845-ல் வந்தது. சுல்தான் அப்துல்மெஜித்தின் தாயார் கட்டச் சொன்ன மரப்பாலம். முதல் மூன்று நாள் எல்லாரும் இலவசமாகப் போகலாம் என்றார்கள். அதன் பிறகு சுங்கம். நடந்து போகிறவனுக்கு ஐந்து பாரா, சுமை தூக்கிப் போகிறவனுக்கு அதிகம், வண்டிக்கு இன்னும் அதிகம். இரண்டு பக்கமும் வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் நின்று வசூலித்தார்கள். பாலங்கள் மாறினாலும் சுங்கம் மட்டும் 1930 வரை நீடித்தது.

நம் திருநெல்வேலிக்காரர்களுக்கு இதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வரும். வண்ணார்பேட்டைக்குப் பக்கத்தில் தாமிரபரணி மேல் நிற்கும் சுலோச்சன முதலியார் பாலம் திறக்கப்பட்டது 1843-ல், அதாவது கலாத்தாவுக்கு இரண்டு வருஷம் முந்தி. அங்கே ராணித்தாய் உத்தரவு போட்டுக் கட்டி, ஏழையிடமும் காசு வாங்கினார்கள். இங்கே சர்க்கார் வேலையில் இருந்த ஒருவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஊருக்குப் பாலம் கட்டினார். இதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

கலாத்தாவில் இப்போது இருப்பது ஐந்தாவது பாலம். நான்காவது, 1912-ல் ஜெர்மானியர்கள் கட்டிய மிதவைப் பாலம். எண்பது வருஷம் உழைத்து 1992-ல் தீப்பிடித்து நாசமானது. மிதவைகள் வரிசையாக நின்றதால் பொற்கொம்பின் நீரோட்டமே தடைப்பட்டது என்ற குறையும் அதன்மேல் உண்டு. 1994-ல் முடிந்த இன்றைய பாலம் தூண்கள் மேல் நிற்கிறது. நீளம் 490 மீட்டர். நடுவில் 80 மீட்டர் பகுதியைக் கப்பல் போவதற்காகத் தூக்கிவிடலாம், நம் பாம்பன் பாலத்துக்கு ஒரு வகையில் சொந்தக்காரன். மேல்தளத்தில் வாகனங்களும் டிராம் வண்டியும். கீழ்த்தளத்தில் வரிசையாக மீன் ஓட்டல்கள். இரண்டு பக்க நடைபாதையிலும், கைப்பிடிச் சுவரை ஒட்டித் தோளோடு தோள் உரச, தூண்டில்காரர்கள்.

எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்து நூற்றிருபதில் விட்டுவிட்டேன். அது ஒரு பக்கம் மட்டும்.

சரி, இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். எங்களோடு என் அத்தானும் வந்திருந்தார். என் அக்கா வீட்டுக்காரர். வயது 74. தபால் துறையில் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். அக்கா சென்ற வருஷம் ஆவணியில் தவறிவிட்டாள். அதிலிருந்து அத்தான் பேச்சையே குறைத்துவிட்டார். காலையில் எழுவார், பேப்பரை விரிப்பார், பத்து மணிக்குப் போனாலும் அதே பக்கம்தான் விரிந்திருக்கும். மீன் குழம்பென்றால் உயிரை விடுகிற மனிதர், அக்கா போன பிறகு மீனைத் தொடவில்லை. என் வீட்டுக்காரி இரண்டு தடவை நெத்திலிக் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினாள். வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வாளியைக் கழுவித் திருப்பி அனுப்பினார்.

மருமகன் புனேயில் இருக்கிறான். "அப்பா தனியா இருக்க வேண்டாம், இங்க வந்துரட்டும் மாமா. வீட்டைக் கொடுத்துரலாம்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அத்தானிடம் கேட்டால், "உங்க இஷ்டம்" என்பார். அந்தப் பதில்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஆமாம் என்றோ முடியாது என்றோ சொன்னால் வாதாடலாம். உங்க இஷ்டம் என்கிறவரிடம் என்ன பேச? நாங்கள் துருக்கிக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டிக்கெட் போட்டோம்.

அன்று அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை. குழுவில் மற்றவர்கள் கிராண்ட் பஜாருக்குத் துணி, விளக்கு வாங்கக் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரியும் அவர்களோடு. நானும் அத்தானும் டிராம் ஏறி எமினோனுவில் இறங்கினோம். பாலத்தை ஒரு தடவை கடந்து திரும்ப வேண்டும் என்பது என் திட்டம். அரை மணி நேரத்து வேலை.

முதல் நூறு அடி கூட நடக்கவில்லை, அத்தான் நின்றுவிட்டார்.

கைப்பிடியில் மரத்தாலான தாங்கி ஒன்றை மாட்டி, அதில் நீளமான தூண்டில் கோலைச் செருகியிருந்தார் ஒரு பெரியவர். கம்பளித் தொப்பி, பழைய கோட்டு. காலடியில் பெயின்ட் வாளி. அதில் நீரும் நாலைந்து மீன்களும். சற்றுத் தள்ளி ஒரு பூனை, உரிமையோடு உட்கார்ந்திருந்தது. அத்தான் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நரம்பைப் பார்த்தார்.

"மாப்ளே, இரை எதுவும் வைக்கல பாத்தியா? இறகு கட்டியிருக்கான்."

பல நாளைக்குப் பிறகு அத்தான் தானாகச் சொன்ன ஒரு வாக்கியம் அது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "எங்கத்தான்?" என்று கேட்டேன்.

அவர் சொன்னது சரி. அதற்குச் சாபாரி என்று பெயர். ஒரே நரம்பில் எட்டுப் பத்து முள், ஒவ்வொரு முள்ளிலும் ஒரு சின்ன இறகுத் துணுக்கு, அடியில் ஈயக்குண்டு. நீருக்குள் விட்டு மேலும் கீழும் ஆட்டினால், இறகு குஞ்சுமீன் துள்ளுவது போலத் தெரியும். மீன் ஏமாந்து கவ்வும். நல்ல நேரமாக இருந்தால் ஒரே இழுப்பில் மூன்று நான்கு வரும்.

அத்தான் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். சின்ன வயதில் அணைக்கட்டுப் பக்கம் மண்புழு கோத்துத் தக்கை மிதக்கவிட்டுக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்த கதையை அக்கா கல்யாணத்தின்போதே கேட்டிருக்கிறேன். அதன் பிறகு வேலை, மாறுதல், பிள்ளைகள் படிப்பு. தூண்டிலை அவர் கையில் நான் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் ஒருவன் இங்கிலீஷ் பேசினான். அவன் புண்ணியத்தில் பெரியவரோடு பேச முடிந்தது. அவருக்கு வயது 71. துணி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆசியக் கரையில் வீடு. தினமும் காலையில் படகில் வருவாராம். 65 வயது தாண்டியவர்களுக்கு அங்கே நகரப் பேருந்து, டிராம் எல்லாம் இலவசம். "படகும் சும்மா, கடலும் சும்மா, மீனும் சும்மா. தேநீருக்கு மட்டும்தான் காசு" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள், இடை சிறுத்த கண்ணாடிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு தேநீர்க்காரர் வந்துவிட்டார். எங்களைக் காசு கொடுக்க விடவில்லை.

அவர் வாளியில் இருந்தது இஸ்தாவ்ரித் என்ற மீன். நம் பாரை மீன் வகையறாதான், ஆனால் விரல் நீளம். நெத்திலியை அவர்கள் ஹம்சி என்கிறார்கள். அந்த ஊரில் ராஜ மீன் லூஃபெர். அதற்கு வயசுக்கு ஒரு பெயர். நாம் அரும்பு, மொட்டு, மலர் என்று பூவுக்குப் பருவம் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறோம் அல்லவா, அதுபோல. பொடியாக இருக்கும்போது 'பிரிஞ்சி இலை' என்று பொருள்படும் பெயர், பிறகு சினெகோப், அடுத்து 'மஞ்சள் சிறகு', முழு வளர்ச்சியில் லூஃபெர், அதற்கும் பெரிதானால் கொஃபானா. ஒரு மீனை இத்தனை கட்டமாகக் கவனித்த ஜனங்கள் கடலோடு எவ்வளவு காலம் வாழ்ந்திருக்க வேண்டும்!

நாங்கள் போன பருவமும் நல்ல பருவம். கோடையில் கருங்கடலில் மேய்ந்த மீன்கள் இலையுதிர் காலத்தில் குளிருக்குப் பயந்து பாஸ்பரஸ் நீரிணை வழியாகத் தெற்கே மர்மராக் கடலுக்கு இறங்கும். அந்த நீரிணையில் இரண்டு ஓட்டம். மேலே கருங்கடல் நீர் தெற்கே போகும். அடியில் உப்பு மிகுந்த கனத்த நீர் வடக்கே போகும். பெரிய வலைப் படகுகளுக்கு அங்கேயும் ஏப்ரல் 15-ல்தான் தடைக்காலம் ஆரம்பம். நமக்கு ஜூன் நடுவில் முடிகிறது, அவர்களுக்கு ஆகஸ்ட் கடைசி வரை. இதை நான் அத்தானிடம் சொன்னபோது, "மீனுக்கு எந்த ஊரா இருந்தா என்ன, குஞ்சு பொரிக்க நேரம் வேணும்லா" என்றார்.

எல்லாரும் பொழுது போகாமல் வந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வரிசையில் வேலை இல்லாத இளவட்டங்கள் இருந்தார்கள். பிடித்ததை அங்கேயே விற்றுக் காசாக்குகிறவர்களும் இருந்தார்கள். தலையில் துணி கட்டிய ஒரு அம்மா, பக்கத்தில் பேரனை உட்கார்த்தி வைத்து, ஒரு மீன்கூட வீணாகாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அது அன்று ராத்திரிச் சாப்பாடு என்பது பார்த்தாலே தெரிந்தது. விலைவாசி ஏறிக் கிடக்கும் நாட்டில் அந்தக் கைப்பிடிச் சுவர் சிலருக்கு அடுப்படி. அதே நேரம் கீழ்த்தள ஓட்டலில் வெளிநாட்டுக்காரர்கள் மீன் சாப்பிட, அவர்கள் கண்ணுக்கு முன்னால் மேலேயிருந்து நரம்புகள் மழைச் சாரல் போல இறங்கிக்கொண்டிருந்தன.

பெரியவர் அத்தானின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் கோலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "ராஸ்ட்கெலே" என்றார். மீனவர்களுக்குச் சொல்லும் வாழ்த்தாம் அது. உன் கைக்கு வந்து சேரட்டும் என்று அர்த்தம்.

அத்தான் தயங்கவில்லை. ஈயக்குண்டு அடியில் தட்டும் வரை நரம்பை விட்டார். பிறகு மணிக்கட்டை மட்டும் ஆட்டினார். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. திடீரென்று கோல் நுனி துடித்தது. இழுத்தால் இரண்டு மீன்! வெயிலில் வெள்ளிக் காசு மாதிரி மின்னின. பெரியவர் கை தட்டினார். பூனை எழுந்து நின்றது. ஒன்று மிகப் பொடி. பெரியவர் அதைக் கழற்றித் திரும்பவும் கடலில் விட்டார். இன்னொன்றை வாளியில் போட்டார்.

அரை மணி நேரத்து வேலை என்று வந்தவர்கள் மூன்று மணி நேரம் நின்றோம்.

நடுவில் பெரியவரின் போன் அடித்தது. எடுத்து இரண்டு வார்த்தை சொல்லி வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். இந்தத் தடவை குரல் ஏறியது. பையன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: "அவர் மனைவி. எத்தனை மணிக்கு வருவீர்கள், மீனைக் கழுவாமல் கொண்டு வந்தால் வீட்டுக்குள் விட மாட்டேன் என்கிறார்." பெரியவர் தோளைக் குலுக்கினார். எந்த நாட்டிலும் புருஷன்மார் குலுக்கும் அதே குலுக்கல். நானும் சிரித்தேன்.

அத்தான் சிரிக்கவில்லை. கோலைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எப்ப வருவேன்னு கேக்க அவருக்கு ஆள் இருக்குடே."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கும் அவள் அக்காதானே. எனக்கு ஐந்து வயதில் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள். அவள் போன பிறகு நானும் அத்தானும் ஒரு தடவைகூட அவளைப் பற்றிப் பேசியதில்லை. அவர் மனசு நோகும் என்று நானும், என் மனசு நோகும் என்று அவரும் மௌனமாகவே இருந்திருக்கிறோம் போல. பாலத்தில் அன்று பேசினோம். முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசலாம். அவள் கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாள், எதைச் சாப்பிடக் கேட்டாள், எந்தப் புடவையை யாருக்குக் கொடுக்கச் சொன்னாள் என்று அத்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரும்பாலானவை நான் முதல் முறையாகக் கேட்டவை. நடுநடுவே கோல் துடித்தால் பேச்சை நிறுத்தி மீனை எடுப்பார். திரும்ப ஆரம்பிப்பார்.

மொத்தம் ஏழு மீன். எல்லாம் பெரியவர் வாளிக்கே. விடைபெறும்போது அவர் அத்தானின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். நாளைக்கும் வாருங்கள் என்றார். நாளைக்கு எங்களுக்குக் கப்படோக்கியா.

எமினோனு கரையில் ஆடிக்கொண்டிருக்கும் அலங்காரப் படகுகளில் மீன் ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார்கள். நீள ரொட்டியைப் பிளந்து, சுட்ட கானாங்கெளுத்தித் துண்டும் வெங்காயமும் இலைதழையும் வைத்து, மேலே எலுமிச்சை பிழிந்து தருவார்கள். அந்த மீன் பெரும்பாலும் நார்வேயிலிருந்து ஐஸில் வருவது, பாலத்தில் பிடித்ததல்ல. நான் எனக்கு மட்டும் ஒன்று வாங்கினேன். அத்தான், "எனக்கும் ஒண்ணு சொல்லு" என்றார். முழுதும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "புளி இல்ல, காரம் இல்ல. உங்க அக்கா பாத்தா தூக்கிப் போட்டிருப்பா" என்றார். அவள் பெயர் வந்த பேச்சில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஊர் வந்த பிறகும் பேப்பர் சில நாள் ஒரே பக்கத்தில்தான் கிடக்கிறது. ஆனால் புனே விஷயத்தில் மருமகனிடம் அவரே பேசினார். "மழைக்காலத்துல அங்க வாரேன், தை பிறந்ததும் இங்க வந்துருவேன். வீட்டக் கொடுக்க வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். உங்க இஷ்டம் என்ற வார்த்தை வரவில்லை. எனக்கு அது போதும்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அறுபது எழுபது வயதுக்காரர்கள் காலையில் கிளம்பிப் போய், யார் தயவும் இல்லாமல், எதுவும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், நாலு பேரோடு நிற்க ஒரு இடம். பேச விருப்பமிருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் தண்ணீரைப் பார்க்கலாம். கையில் ஒரு வேலை இருப்பதால் சும்மா நிற்கிறான் என்று யாரும் சொல்ல முடியாது. மாலையில் வீட்டுக்கு ஏதோ ஒன்றைக் கொண்டு போகவும் செய்யலாம். கலாத்தா பாலத்தைக் கட்டிய என்ஜினீயர்கள் டிராமுக்கும் கப்பலுக்கும் கணக்குப் போட்டிருப்பார்கள். தூண்டில்காரர்கள் அவர்களாகவே வந்து நின்றார்கள். நகரமும் அவர்களை நிற்க விட்டது.

நம் ஊரில் அப்படிப்பட்ட இடங்கள் குறைந்துகொண்டு வருகின்றன. கோயில் வாசல் திண்ணை போய்விட்டது, படித்துறையில் உட்கார முடியாதபடி நாற்றம், நூலகத்தில் நாற்காலி பத்து. ஆனாலும் தேடினால் ஒன்றிரண்டு கிடைக்கத்தான் செய்யும். உங்கள் பக்கத்து வீட்டில் துணையை இழந்து தனியாக இருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், வீட்டுக்குள் போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்வதைவிட, ஒரு நாள் ஆற்றங்கரைக்கோ குளத்தங்கரைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்தில் நில்லுங்கள். நாமாக எதுவும் கேட்க வேண்டாம், அவராகப் பேசுவார்.